ஈ1-ல இருந்து எஸ்டிஎம், ஓடியூ வரைக்கும்: ஸ்பீட வகுக்காதீங்க, பைட்ட எண்ணுங்க

ஒரு எஸ்டிஎம்-1-ல (155.52 எம்பிபிஎஸ் டெலிகாம் லிங்க்) எத்தனை ஈ1 (2.048 எம்பிபிஎஸ் சின்ன லிங்க்) போகும்னு கேட்டா நிறைய பேர் கால்குலேட்டர எடுத்து 155.52-அ 2.048-ஆல வகுத்து 75-னு சொல்லிடுவாங்க. நானும் வேலைக்கு சேர்ந்த புதுசுல அப்படித்தான் சொன்னேன், சொன்னதோட நிக்காம 70 ஈ1-க்கு ஒரே ஒரு எஸ்டிஎம்-1 தாராளமா போதும்னு பிளான் ஷீட்லயும் எழுதி கொடுத்துட்டேன். கட்ஓவர் (பழைய ரூட்ல இருந்து புதுசுக்கு மாத்தறது) அன்னைக்கு ராத்திரி 63-வது ஈ1 வரைக்கும் கிராஸ் கனெக்ட் வரிசையா போட்டுட்டே வந்தோம், 64-வதுக்கு வந்தா ஸ்கிரீன்ல ஃப்ரீ ஸ்லாட்டே இல்ல. கார்டு பிராப்ளம்னு நினைச்சு கார்ட மாத்தி பார்த்தோம், அப்புறம்தான் சீனியர் ஒருத்தர் ஒரு பேப்பர்ல கட்டம் போட்டு ஏன் 63-தான்னு காட்டினார். மீதி ஏழு லிங்க் ரெண்டு வாரம் பழைய ரூட்லயே கிடந்துச்சு. அன்னைக்கு அவர் காட்டின கணக்கத்தான் இங்க எழுதறேன், இது பிடிபட்டா கன்வெர்ஷன் டேபிள தேடி அலைய வேண்டாம், பேனா பேப்பர் போதும்.

முதல்ல 64 கேபிபிஎஸ் (செகண்டுக்கு 64 கிலோபிட்)-ங்கிற அடிப்படை நம்பர் எங்க இருந்து வருதுன்னு பார்ப்போம். போன் வாய்ஸுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் பேண்ட்வித் போதும்னு வச்சாங்க, அத செகண்டுக்கு 8000 தடவை சாம்பிள் எடுக்கணும், ஒவ்வொரு சாம்பிளும் 8 பிட், ஆக 64,000 பிட். இதுதான் டிஎஸ்0. செகண்டுக்கு 8000 தடவைன்னா ஒரு தடவைக்கு 125 மைக்ரோசெகண்ட். அதுக்கப்புறம் வந்த ஈ1, டி1 (ஈ1-க்கு பதிலா அமெரிக்கால ஓடறது), எஸ்டிஎம், சோனெட் (எஸ்டிஎம்-ஓட அமெரிக்க வடிவம்) எல்லாமே இந்த 125 மைக்ரோசெகண்ட விடல, எல்லா ஃப்ரேமும் செகண்டுக்கு 8000-தான். அதனால ஃப்ரேம்ல ஒரு பைட் இடம் உங்களுக்கு கிடைச்சா அது 64 கேபிபிஎஸ். இந்த ஒரு வரிய மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க, ஒரு பைட் = 64 கேபிபிஎஸ்.

இப்போ போட்டு பாருங்க. ஈ1 ஃப்ரேம்ல 32 பைட், 32 × 64 = 2048 கேபிபிஎஸ். டி1-ல 24 பைட்டும் கூட ஒரே ஒரு ஃப்ரேமிங் பிட்டும், மொத்தம் 193 பிட், 193 × 8000 = 1.544 எம்பிபிஎஸ், அந்த தனி பிட்டுக்காகத்தான் 1.536-ல நிக்காம 1.544-னு முடியுது. எஸ்டிஎம்-1 ஃப்ரேம் 9 வரிசை, 270 காலம் (நெடுவரிசை), அதாவது 2430 பைட், 2430 × 64 = 1,55,520 கேபிபிஎஸ், 155.52 எம்பிபிஎஸ் வந்துடுச்சா. சோனெட் பக்கம் எஸ்டிஎஸ்-1-க்கு 9 வரிசை 90 காலம், 810 பைட், 51.84. எந்த நம்பரும் ஆகாசத்துல இருந்து வரல.

ஓசி-க்கும் (சோனெட்டோட ஃபைபர் லெவல் பேரு) எஸ்டிஎம்-க்கும் உள்ள கன்வெர்ஷன் ரொம்ப சிம்பிள், ஓசி நம்பர 3-ஆல வகுத்தா எஸ்டிஎம் நம்பர். ஓசி-3 எஸ்டிஎம்-1, ஓசி-12 எஸ்டிஎம்-4 (622.08), ஓசி-48 எஸ்டிஎம்-16 (2488.32), ஓசி-192 எஸ்டிஎம்-64 (9953.28), ஓசி-768 எஸ்டிஎம்-256 (39813.12). எல்லாமே 51.84-ஓட அல்லது 155.52-ஓட சுத்தமான பெருக்கல்தான், நடுவுல எதுவும் சேராது. ஓசி-1-க்கு எஸ்டிஎம்-0-னு பேரு இருக்கு.

ஆனா பழைய பிடிஹெச் (எஸ்டிஎம்-க்கு முன்னாடி இருந்த ஈ1, ஈ2, ஈ3 படிவரிசை) பக்கம் இந்த சுத்தம் கிடையாது, இங்கதான் பெருக்கி பார்த்து நிறைய பேர் குழம்புவாங்க. நாலு ஈ1 சேர்ந்தா ஈ2, 4 × 2.048 = 8.192 வரணும், ஆனா ஈ2 8.448. நாலு ஈ2 33.792 ஆகணும், ஈ3 34.368. நாலு ஈ3 137.472, ஈ4 139.264. அந்தப் பக்கம் நாலு டி1 6.176, டிஎஸ்2 6.312, ஏழு டிஎஸ்2 44.184, டிஎஸ்3 44.736. ஒவ்வொரு படியிலயும் கொஞ்சம் கூடுது, ஏன்னா ஒவ்வொரு ஈ1-ம் தன்னோட சொந்த கிளாக்ல ஓடலாம், ±50 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 50) வரைக்கும் அனுமதி. 20,48,000-ல 50 பிபிஎம்னா 102 பிட், அதாவது ஒரு ஈ1 செகண்டுக்கு 102 பிட் வேகமாவும் பக்கத்துல இருக்கறது 102 பிட் மெதுவாவும் ஓடலாம், ரெண்டுமே ஸ்பெக்குக்கு உள்ளதான். இவங்கள ஒரே பைப்ல சேர்க்கணும்னா மெதுவா வர்றவனுக்கு நடுவுல சும்மா பிட் சொருகணும், எங்க சொருகினோம்னு மறுமுனைக்கு சொல்றதுக்கும் பிட் வேணும், அந்த ஸ்டஃபிங்குக்கும் ஃப்ரேமிங்குக்கும்தான் அந்த கூடுதல். அதனால பிடிஹெச்ல மேல ஏறும்போது பெருக்காதீங்க, அந்தந்த லெவலோட நம்பர அப்படியே எடுத்துக்கோங்க, எண்ண வேண்டியது உள்ள இருக்கற குழந்தைங்களத்தான்: ஈ3-ல 16 ஈ1, ஈ4-ல 64 ஈ1, டிஎஸ்3-ல 28 டி1, அதாவது 672 டிஎஸ்0.

இந்த ஸ்டஃபிங்னால இன்னொரு தொல்லையும் இருந்துச்சு, ஈ4-க்குள்ள இருக்கற ஒரே ஒரு ஈ1-அ வெளிய எடுக்கணும்னா கூட மொத்தத்தையும் படிப்படியா பிரிச்சு திரும்ப கட்டணும், ஏன்னா அந்த ஈ1-ஓட பிட் எங்க உட்கார்ந்திருக்குன்னு பார்த்த உடனே சொல்ல முடியாது. 1988-ல சிசிஐடிடி (இப்போ ஐடியூ-டி) எஸ்டிஹெச் (எஸ்டிஎம் ஃப்ரேம்கள வச்சு ஓடற முறை) ஸ்டாண்டர்ட கொண்டு வந்ததோட பெரிய பலன் இதுலதான், பாயிண்டர பார்த்தா ஈ1 எந்த காலத்துல இருக்குன்னு நேரா தெரிஞ்சுடும்.

சரி, 63-க்கு வருவோம். எஸ்டிஎம்-1-ஓட 270 காலத்துல முதல் 9 காலம் செக்ஷன் ஓவர்ஹெட்டும் பாயிண்டரும், அது நமக்கு இல்ல. மீதி 261 காலம், இதுதான் விசி-4 (விர்ச்சுவல் கன்டெய்னர், சரக்கு வைக்கற பெட்டி). இதுல ஒரு காலம் பாத் ஓவர்ஹெட், 260 மிச்சம், 260 × 9 = 2340 பைட், × 64 கேபிபிஎஸ் = 149.76 எம்பிபிஎஸ். ஒரு எஸ்டிஎம்-1-ல உண்மையா ஏத்தக்கூடிய பேலோடு இதுதான், 155.52 இல்ல. இந்த 149.76-அ தனியா ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ வர்ற கணக்குல பாதி இதுல இருந்துதான் வரும்.

ஈ1 ஏத்தணும்னா அந்த 260 காலத்த மூணு டியூஜி-3-ஆ (சின்ன பெட்டிகளோட குழு) பிரிப்பாங்க, ஒன்னுக்கு 86 காலம், மூணுக்கு 258, மீதி 2 காலம் சும்மா ஸ்டஃபிங். ஒவ்வொரு டியூஜி-3-லயும் மறுபடி 2 காலம் ஸ்டஃபிங்குக்கு போயிடும், 84 காலம் மிச்சம். இப்போ ஒரு ஈ1-க்கு எவ்வளவு இடம் வேணும்? ஈ1 32 பைட்தான், ஆனா கிளாக் ஏற இறங்க இடம் விட்டு கன்டெய்னர 34 பைட்டா வச்சாங்க (2.176 எம்பிபிஎஸ்), அதுக்கு மேல பாத் ஓவர்ஹெட் ஒரு பைட் சேர்ந்தா விசி-12, 35 பைட் (2.240), பாயிண்டர் ஒரு பைட் சேர்ந்தா டியூ-12, 36 பைட் (2.304). 36 பைட்டுன்னா 9 வரிசைல 4 காலம். 84-அ 4-ஆல வகுங்க, 21. மூணு டியூஜி-3, 3 × 21 = 63. பேப்பர்ல அன்னைக்கு அவர் போட்ட கட்டம் இதுதான், 63 எங்கயோ யாரோ வச்ச லிமிட் இல்ல, காலம் எண்ணினா வர்ற விடை.

இதே 84-அ 3-ஆல வகுத்து பாருங்க, 28. டி1-க்கு 3 காலம் (27 பைட்) போதும். அதான் எஸ்டிஎஸ்-1 ஒன்னுல 28 டி1 போகுது, டிஎஸ்3-லயும் அதே 28. எஸ்டிஎஸ்-1-ஓட 90 காலத்துல 3 ஓவர்ஹெட், 1 பாத் ஓவர்ஹெட், 2 ஃபிக்ஸட் ஸ்டஃப், மிச்சம் அதே 84. அமெரிக்க டி1-ம் ஐரோப்பிய ஈ1-ம் ஒரே ஃப்ரேம்ல கச்சிதமா உட்கார்றதுக்கு 3-ஆலயும் 4-ஆலயும் வகுபடற ஒரு நம்பர் அமைஞ்சது, இத முதல் தடவை பார்த்தப்போ எனக்கு உண்மையாவே சந்தோஷமா இருந்துச்சு, ரெண்டு பக்கமும் விட்டுக்கொடுத்து உட்கார்ந்து பேசினதோட தடயம் அந்த 84-ல இருக்கு.

ஒன்னு கவனிங்க. எஸ்டிஎம்-1-ல எத்தனை ஈ1-ங்கிற கேள்விக்கு 63 மட்டும்தான் விடைன்னும் சொல்ல முடியாது, எந்த வழியா ஏத்தறீங்கன்னு கேட்கணும். ஈ1-அ நேரா விசி-12-ல போட்டா 63. ஏற்கனவே ஈ3-ஆ கட்டின பழைய மக்ஸ்ல இருந்து வந்தா ஒரு எஸ்டிஎம்-1-ல விசி-3 (ஈ3-க்கான கன்டெய்னர்) மூணுதான், மூணு ஈ3 × 16 = 48 ஈ1-தான். ஈ4-ஆ வந்தா முழுசா ஒரு விசி-4-ல போகும், 64 ஈ1. பழைய ஈ4 வழியா ஒன்னு கூடவே போகுது பாருங்க, ஆனா நடுவழில ஒரு ஈ1-அ இறக்க முடியாது. மைக்ரேஷன் பிளான் போடறவங்க இந்த 48-அ கட்டாயம் செக் பண்ணுங்க, ஈ3 டிரிப்யூட்டரிய அப்படியே தூக்கி எஸ்டிஎம்-1-ல வச்சா 15 ஈ1 இடம் காலியாவே போகும். டி1-க்கும் இதே மாதிரி ஒரு விஷயம் இருக்கு, டியூ-11-ல (மேல சொன்ன அந்த 3 காலம்) போட்டா 84 டி1, சில எக்யுப்மென்ட் டி1-அ டியூ-12-க்குள்ள வச்சு அனுப்பும், அப்போ 63-தான்.

டி1-அ ஈ1-ஆ மாத்தணும்னா எம்பிபிஎஸ்-அ வகுக்காதீங்க, வாய்ஸ் சேனல எண்ணுங்க. டி1-ல 24, ஈ1-ல 30 (டைம்ஸ்லாட் 0 ஃப்ரேமிங்குக்கு, 16 சிக்னலிங்குக்கு). 5 டி1 = 120 சேனல் = 4 ஈ1, இதுதான் சுத்தமா முடியற விகிதம். கூடவே மியூ-லா ஏ-லா (அமெரிக்க, ஐரோப்பிய வாய்ஸ் கோடிங்) மாத்தறதும் இருக்கு, வாய்ஸா இருந்தா அது வேணும், டேட்டா போற டைம்ஸ்லாட்ல அத போட்டுடாதீங்க, பிட்டே மாறி டேட்டா நாசமாயிடும். டேட்டாக்குன்னா டி1-ல 1.536, ஃப்ரேம்டு ஈ1-ல 31 டைம்ஸ்லாட் எடுத்தா 1.984, சிக்னலிங் ஸ்லாட்ட விட்டுட்டா 1.920. பழைய டி1-ல ராப்டு பிட் சிக்னலிங் (சேனலோட ஒரு பிட்ட அப்பப்போ சிக்னலிங்குக்கு திருடறது) இருந்தா ஒரு சேனலுக்கு 56 கேபிபிஎஸ்-தான் நம்பி எடுக்க முடியும், 24 × 56 = 1.344.

ஈதர்நெட்ட எஸ்டிஹெச் மேல ஏத்தும்போதும் இதே பேலோடு நம்பர்கள்தான். 10 எம்பிபிஎஸ்-க்கு விசி-12 எத்தனை? 2.048-ஆல வகுக்காதீங்க, 2.176-ஆல வகுங்க, 5 விசி-12-ல 10.88 கிடைக்கும். 100 எம்பிபிஎஸ்-க்கு 46 விசி-12, 46 × 2.176 = 100.096, கச்சிதம். கிகாபிட்டுக்கு 7 விசி-4, 7 × 149.76 = 1048.32. விர்ச்சுவல் கன்கேட்டினேஷன் (இப்படி வேணுங்கற அளவு கன்டெய்னர்கள ஒரே பைப்பா சேர்க்கறது) வர்றதுக்கு முன்னாடி கிகாபிட் ஒன்னுக்கு எஸ்டிஎம்-16-ஓட மொத்த விசி-4-16சி-யையும் (2396.16) கொடுக்க வேண்டி இருந்துச்சு, 42 சதவீதம்தான் யூஸ் ஆகும், மீதி வீண். இப்போ அதே எஸ்டிஎம்-16-ல ரெண்டு கிகாபிட் போட்டும் ரெண்டு விசி-4 மிச்சம் இருக்கும், அதுல 126 ஈ1 ஏத்திக்கலாம்.

எஸ்டிஎம்-1 மேல ஏடிஎம் (டேட்டாவ 53 பைட் செல்லா வெட்டி அனுப்பற முறை) ஓடற பழைய லிங்க் இன்னும் யார்கிட்டயாவது இருந்தா அதுக்கு தனி கணக்கு. 149.76-ல 53 பைட்டுக்கு 48 பைட்தான் டேட்டா, அதனால 135.63. அதுவும் முழுசா கிடைக்காது, 1500 பைட் ஐபி பாக்கெட்டோட 16 பைட் எல்எல்சி ஸ்னாப்பும் ஏஏஎல்5 டிரெய்லரும் சேர்ந்து 1516, அத 48-ஆல வகுத்தா 31.58, செல்ல பாதியா அனுப்ப முடியாதுல்ல, 32 செல், 1696 பைட். 1500-அ 1696-ஆல வகுத்து 149.76-ஆல பெருக்கினா 132 எம்பிபிஎஸ்-தான் ஐபிக்கு. 155-னு வாங்கின லிங்க்ல 132-க்கு மேல ஏறலன்னு டிக்கெட் போடறதுக்கு முன்னாடி இத ஒரு தடவை போட்டு பாருங்க.

அடுத்தது ஓடிஎன், அதாவது எஸ்டிஎம், ஈதர்நெட் மாதிரி சிக்னல்கள ஃபைபர்ல சுமக்கற ஆப்டிகல் நெட்வொர்க். இங்க கணக்கு தலைகீழ், எஸ்டிஎம்-ல பேலோடு லைன் ரேட்ட விட குறையும், ஓடிஎன்-ல எஸ்டிஎம்-அ முழுசா உள்ள வச்சு வெளிய எஃப்இசி-யும் (பிழை திருத்தற கூடுதல் பைட்) ஓவர்ஹெட்டும் சுத்துவாங்க, அதனால லைன் ரேட் கூடும். ஐடியூ-டி-யோட ஜி.709-ல விகிதம் பின்னமாவே இருக்கு: ஓடியூ1 டிரான்ஸ்போர்ட் யூனிட் 2.48832 × 255/238 = 2.666 ஜிபிபிஎஸ், ரெண்டாவது 9.95328 × 255/237 = 10.709, மூணாவது 39.81312 × 255/236 = 43.018, நாலாவது 99.5328 × 255/227 = 111.81. மேல 255 மாறாது, கீழ இருக்கறது 238, 237, 236-னு ஒன்னொன்னா இறங்கி நாலாவதுல மட்டும் 227-க்கு தாவும். தமிழ்ல எழுதும்போது டேட்டா யூனிட்டும் டிரான்ஸ்போர்ட் யூனிட்டும் ஓடியூ-ன்னே ஒரே மாதிரி வந்துடுது, டிராயிங்ல பார்க்கும்போது நடு எழுத்து D-யா (டேட்டா) T-யான்னு (டிரான்ஸ்போர்ட்) நிதானமா பாருங்க, டேட்டா யூனிட்ல எஃப்இசி கிடையாது, அதனால மேல 255-க்கு பதிலா 239 வரும், ரெண்டாவது லெவலுக்கு 10.037 ஜிபிபிஎஸ்.

எத்தனை உள்ள போகும்ங்கிறதுக்கு இங்கயும் வகுக்காம எண்ணுங்க. கிகாபிட் ஈதர்நெட் ஒன்னு டேட்டா யூனிட் 0-ல போகும், 0 லெவல் ரெண்டு சேர்ந்தா 1-ம் லெவல்ல, எட்டு 2-ம் லெவல்ல, 32 மூணுல, 80 நாலுல.

வழில ஒரு சின்ன விஷயம், ஜிபான் (வீட்டு ஃபைபர் இணைப்பு) 2.488 டவுன் 1.244 அப்-னு ஏன் ஒரு மாதிரி நம்பரா இருக்குன்னு யாராவது கேட்டா சொல்லுங்க, அது எஸ்டிஎம்-16-ஓட லைன் ரேட்டும் அதுல பாதியும்தான். ஜிபான் டவுன்ஸ்ட்ரீம் ஃப்ரேமும் அதே 125 மைக்ரோசெகண்ட், 38,880 பைட், ஒரு பைட் 64 கேபிபிஎஸ். அதுக்கு அடுத்து வந்த எக்ஸ்ஜிஎஸ்-பான் 9.95328, எஸ்டிஎம்-64-ஓட அதே ரேட்.

கிலோ மெகா விஷயத்துலயும் ஒரு குழி இருக்கு. நெட்வொர்க்ல கிலோன்னா 1000, 1024 கிடையாது. ஈ1-ல மட்டும் 2048-அ 1024-ஆல வகுத்தா அழகா 2 வந்துடும், அதனாலயே டூ எம்பி-னு பேரு நின்னு, 1024-ஆல வகுக்கறதுதான் முறைன்னு சிலருக்கு மனசுல பதிஞ்சுடுது, அதே பழக்கத்த 155.52 மேல போட்டா தப்பா போகும். ஃபைல் டிரான்ஸ்ஃபர் டைம் போடும்போது பைட்ட பிட்டா மாத்தி, பேலோடு ரேட்டால வகுங்க: 10 ஜிபி ஃபைல் 80,000 மெகாபிட், ஃப்ரேம்டு ஈ1-ல 1.984-ஆல வகுத்தா 40,323 செகண்ட், 11 மணி நேரத்துக்கு மேல. எஸ்டிஎம்-1-ல 149.76-ஆல வகுத்தா 534 செகண்ட், 9 நிமிஷம். இதுக்கு மேல ஐபி டிசிபி ஹெட்டருக்கு ஒரு மூணு நாலு சதவீதம் சேர்த்துக்கோங்க.

கடைசியா 10ஜி. எல்லாரும் பத்துன்னே சொல்றதால மூணு தனித்தனி விஷயம் ஒன்னா தெரியுது. 10 கிகாபிட் ஈதர்நெட் லேன் ஃபைபர்ல ஓடும்போது 64பி/66பி கோடிங்னால 10 × 66/64 = 10.3125. எஸ்டிஎம்-64 9.95328. ஈதர்நெட்ட எஸ்டிஎம்-64-க்குள்ள உட்கார வைக்க செஞ்ச வேன் ஃபை-யும் (WAN PHY) 9.95328-தான், அதோட பேலோடு 9.58464, கோடிங் போக டேட்டாக்கு 9.294. அதனால ஒரு முனைல லேன் மோட் மறுமுனைல வேன் மோட் இருந்தா லைட் லெவல் ரெண்டு பக்கமும் அருமையா காட்டும், லிங்க் மட்டும் வரவே வராது, ஆப்டிக்ஸ மாத்தி ஃபைபர கிளீன் பண்ணி ஒரு நாள் போயிடும். ஓடிஎன்-ல போட்டா இன்னொரு சிக்கல், ரெண்டாவது லெவலோட பேலோடு 9.995 ஜிபிபிஎஸ்-தான், அதுல எஸ்டிஎம்-64 ஏறும், வேன் ஃபை ஏறும், 10.3125 ஏறாது. அத பிட்டு பிட்டா அப்படியே கொண்டு போகணும்னா 2இ-ங்கிற தனி டைப் வேணும், டேட்டா யூனிட் 10.3995, லைன் ரேட் 10.3125 × 255/237 = 11.0957. ட்ரான்ஸ்பான்டர் ஆர்டர் போடும்போது டேட்டாஷீட்ல 10.709 மட்டும் இருக்கா, 11.0957-ம் இருக்கான்னு பாருங்க, ரெண்டாவது நம்பர் இல்லன்னா அந்த கார்டு 10.3125-அ முழுசா தூக்காது.